கொள்ளைக்காரன் எண் மூன்று

தொண்ணூற்றெட்டு. செந்தூலில்
மூடிக்கிடந்த நிதி நிறுவனக் கிளையை
இரண்டு வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்
இயக்குநர் புருஷோத்தமன்.
சிரிப்புப் படம்.
வேலை போன நான்கு பேர்
வங்கியைக் கொள்ளையடிக்கிற கதை.
நடிக்க ஆள் தேவை என்றதும்
வேலை போன நாற்பது பேர் வந்து நின்றோம்.

நாளுக்கு முப்பது வெள்ளி,
ஒரு பொட்டலம் நாசி லெமாக்,
அதில் முட்டை பாதிதான்.
ஷா ஆலமுக்கு டயர் ஏற்றிப்போன என் லாரியைக்
கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று மாதம்.
இப்போது கையில் தண்ணீர்த் துப்பாக்கி,
கறுப்புச் சாயம் அடித்தது, உள்ளங்கையில் ஒட்டும்.
தலையில் குரங்குத் தொப்பி.
கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை,
வேர்வைக்கு ஒன்றும் இல்லை.

பணயக்கைதி எண் இரண்டு அமிர்தவல்லி.
இதே கவுண்டருக்குப் பின்னால்
பதினோரு வருடம் நிஜமாகவே உட்கார்ந்தவள்.
“எடு பணத்தை!” என்று தேவசகாயம் கத்த,
“பாரம் நிரப்பினீங்களா?” என்றாள்.
எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை,
வாய் தானாகக் கேட்டுவிட்டதாம்.
இயக்குநர் வசனத்தை வைத்துக்கொண்டார்.
சம்பளத்தில் ஏதும் ஏற்றவில்லை.

பணம் கட்டுக்கட்டாக இருந்தது:
மேலே ஒன்று கீழே ஒன்று நிஜ ஐம்பது,
நடுவெல்லாம் நாளிதழின் பங்குச்சந்தைப் பக்கம்.
“என் வீடு இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு”
என்று புரட்டிப் பார்த்தான் கொக் செங்,
கொள்ளைக்காரன் எண் ஒன்று.

ஐந்தாவது டேக்கில் ஒரு சீனப் பெரியவர்
கயிற்றைத் தாண்டி நேரே உள்ளே வந்தார்,
கையில் சிவப்புக் கணக்குப் புத்தகம்.
துப்பாக்கி நீட்டி நின்ற என்னிடம்
மலாயில் கேட்டார்:
“நீ வரிசையிலா நிற்கிறாய்?”
அமிர்தவல்லி, கட்டிய கையோடு,
விரல்நுனியால் பக்கம் புரட்டினாள்.
“ஜாலான் ஈப்போ கிளைக்கு மாத்திட்டாங்க, அங்கிள்.
அடையாள அட்டையும் எடுத்துட்டுப் போங்க.”
கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.
யாருக்கும் ‘கட்’ சொல்ல வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு
மூட்டையில் அள்ளிப் போடும் காட்சி.
ஒரு கட்டின் ரப்பர் அறுந்தது.
அறுந்தது, அவ்வளவுதான்.
மிச்சத்தை என் கை பார்த்துக்கொண்டது:
எட்டாக மடித்து, சப்பாத்துக்குள், குதிகாலுக்குக் கீழே.
பால்மாவு டின் என்று
மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.
அடுத்தது தப்பி ஓடும் காட்சி.
ஓடினேன்.

ஆறு மணிக்குத் தயாரிப்பாளர் வந்தார்.
கதவைப் பூட்டச் சொன்னார்.
பூட்டியது மாட் சானி, கிளையின் பழைய காவலாளி,
பாக்கிச் சம்பளம் வராமல் நகரமாட்டேன் என்று
அதே நாற்காலியில் இன்னும் இருப்பவர்.
கொள்ளையர், கைதிகள், வாடகைச் சட்டைப் போலீஸ்காரர்கள்
எல்லாரும் ஒரே சுவரோரம்.

வேகமாக எண்ணத் தெரிந்தவள் ஒருத்திதானே.
காய்ந்த ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கி
விரலை நனைத்து ஆரம்பித்தாள்.
எழுபத்தொன்பதில் ஒரு நொடி நின்றாள்.
விரலை மறுபடி நனைத்தாள்.
“எண்பது. சரியா இருக்கு.”

பத்துக் காசு குறைந்தாலும்
கைப்பையிலிருந்து போட்டுவிட்டு வீடு போனவள் என்று
பின்னால் ஒருநாள் மாட் சானி சொன்னார்.
அன்று அவள் என்னைப் பார்க்கவில்லை.
தேவசகாயத்தையும்தான் பார்க்கவில்லை.
அவளுக்குத் தெரியுமா என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

படம் நான்கு நாள் ஓடியது.
இரண்டாம் நாள் பரிதியைக் கூட்டிப்போனேன்.
“இதுல நீ யாருப்பா?”
நாலு பேருக்கும் ஒரே முகமூடி.
“கடைசியா ஓடுறான் பாரு.”
பார்த்தான். சோளப்பொரி வாயில் அப்படியே நின்றது.
“ஏன்பா நொண்டுற?”

“நடிப்புடா” என்றேன்.