பனி காயும்வரை

வாய்மேடு தாண்டி
சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்ட இடத்தில்
பெல்ட் அறுந்தது.

அதற்கு முன் மூன்று நாள் கத்தியது.
குயில் என்றார் சவுரி.
தை மாதத்தில் எந்தக் குயில்
மூன்றாவது கியரில் மட்டும் கூவும்?

சிவப்பு விளக்கு எரிந்தது, சூட்டு முள் ஏறியது.
அணைத்தேன்.
அப்புறம்தான் வயல் காதில் விழுந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து மெட்டடோர்.
உள்ளே கட்டில், ஒற்றை அடுப்பு,
பெருங்காய டப்பாவில் நட்டும் போல்ட்டும்.
மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு:
மூன்று கோட் நீலம் அடித்தும்
வெயில் சாய்ந்து விழுந்தால்
பக்கவாட்டில் எழுத்து எழுந்து வரும்,
அமரர் ஊர்தி.

நெல் காயப்போட்ட அம்மாள் அதைப் படித்துவிட்டாள்.
திட்ட வந்தவள்
தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு
"யாரு வூட்டுக்கு?" என்றாள்.
"யாருமில்ல, நாங்கதான்" என்றார் சவுரி.
அது இன்னும் மோசமாகப் போயிற்று.

என்ஜின் மூடியைத் தூக்கினேன்.
கிராங்க் புல்லி, பம்ப் புல்லி, டைனமோ புல்லி.
பெல்ட் இல்லாமல் மூன்றும்
பாகப்பிரிவினைக்குப் பின்னும் ஒரே வீட்டில் இருக்கும்
அண்ணன் தம்பிகள்.
டைனமோ புல்லியின் பள்ளத்தில்
துரு ஒரு பல் வளர்த்திருந்தது.
அரைவட்ட அரத்தால் அதைத் தேய்த்தேன்,
விரல் வழுக்கும்வரை.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
புல்லிக்குப் புல்லி நூல் பிடித்தால்
ஒரு வாஷர் தடிமன் உள்வாங்கி நிற்கிறது.
கோணலாகவே இத்தனை வருஷம் ஓடி
கோணலாகவே எத்தனை பேரைக் கொண்டுபோய் விட்டதோ.

வாஷர் இருந்தது. ஸ்பேர் பெல்ட்டும் இருந்தது,
அளவு வேறு.
வாங்கியவர் சவுரி.
அதைப் பற்றி இன்று பேசுவதாக இல்லை.

வரப்போரம் அறுவடை மெஷின் ஒன்று.
கதிரில் பனி காயும்வரை
அது வயலில் இறங்காது.
டிரைவர் அர்த்தனாரி, ஆத்தூர்ப் பக்கம்,
சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பெல்ட்டை உருவினார்.
நெல் சுணை அப்பியது, ஓரம் மழுங்கியது.
அறுந்ததோடு வைத்துப் பார்த்தோம்:
அகலம் சரி, நீளம் இரண்டு விரல் கூட.

காசை எடுத்தேன்.
"அதெல்லாம் வேண்டாங்க.
அந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?
பத்தொன்பது ராத்திரி,
சீட்ல உக்காந்தமேனிக்கே."

சவுரி நேர்மையானவர். எழுத்தைக் காட்டினார்.
அர்த்தனாரி எழுத்துக்கூட்டிப் படித்தார்.
செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினார்.

ஜாக்கி கம்பியை டைனமோவுக்குப் பின்னால் கொடுத்து
சவுரி நெம்ப, நான் போல்ட்டை முறுக்கினேன்.
காடியின் கடைசி நுனியில் போய் நின்றது,
இதற்கு மேல் இடமில்லை.
கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால்
அரை அங்குலம் கொடுக்கிறது.
அவ்வளவுதான் கொடுக்க வேண்டும்.
இறுக்கினால் பேரிங் போகும்,
தளர்த்தினால் மறுபடி குயில்.

சாவியைத் திருப்பினேன்.
வண்டி உதறி எழுந்தது,
டம்ளர், கரண்டி, கட்டில் எல்லாம் ஆடின.
அவர் எழவில்லை.

நெல்லம்மாள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.
வாசல் பக்கம் நீட்டிய கால்கள்.
குனிந்து, இரண்டு பெருவிரலும்
தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள்.
கட்டு இல்லை.
நெல்லைக் கிளறப் போய்விட்டாள்.

மாட்டிய பெல்ட் பதினைந்து நிமிஷம் ஓட வேண்டும்,
இடம் பழகிக்கொள்ள.
அப்புறம் அணைத்து, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும்.
நான் முப்பது விட்டேன்.
டீசல் என்னுடையது.

வரப்புக்கு அந்தப் பக்கம்
பனி காய்ந்துவிட்டது போல.
அர்த்தனாரீ, அர்த்தனாரீ என்று குரல்.
சவுரி இறங்கிப் போய்
ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.