பொய்ப்பனை

சாட்ஸ்வொர்த், எட்டாம் யூனிட் மேட்டில் நிற்பது
பனை அல்ல.
பிளாஸ்டிக் ஓலைக்குள் ஆறு அலைவாங்கிகள்.
காகம் மட்டும் நம்பிக் கூடு கட்டியிருக்கிறது.
அதற்கு நேர் கீழே லோகினி கோவெண்டர் வீடு.
மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டி மூன்று மாதம்.
கேட்டருகே என்னை நிறுத்தி
வாரம் தவறாமல் கேட்கிறாள்:
"உங்க லேப் என்னதான் சொல்லுது?"

லேபில் இரண்டு பெட்டிகள்.
ஒரே விசிறி, ஒரே முனகல்.
ஒன்றில் நுண்ணலை ஓடும்,
மற்றதில் ஓடுவதாக நடிப்பு.
எது எதுவென்று கோகிலனுக்குத்தான் தெரியும்.
சீட்டில் எழுதி உறையில் ஒட்டி
இழுப்பறையைப் பூட்டிவிட்டு
கால்பந்து பார்க்கப் போய்விடுவான்.
எனக்குத் தெரியக் கூடாது.
தெரிந்தால் கண் எண்ணாது, ஆசை எண்ணும்.

வியாழக்கிழமை ரத்தம் தர வேண்டிய பையன் வரவில்லை.
விதியில் இடமிருந்தது. கையெழுத்துப் போட்டு
என் சட்டைக் கையை மடித்தேன்.
பன்னிரண்டு மில்லி.
சுழற்றிப் பிரித்ததும் நடுவே ஒரு வெண்படலம்,
பாலாடையைவிட மெலிது.
எனக்கு வந்த அம்மையை, அத்தனை சளிக்காய்ச்சலை
நான் மறந்தும் தான் மறக்காத கூட்டம்.
இரண்டாகப் பங்கிட்டேன்.
பெட்டிக்குள் இறக்கும்போது
மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது,
கேட்கவில்லை.

முப்பத்தேழு பாகை. தாண்டக் கூடாது.
சூட்டில் செத்தால் அலையின் மேல் பழி போட முடியாது.

மூன்றாம் மணியில் மின்சாரம் போனது.
அட்டவணைப்படி நாளைக்குத்தான் முறை.
ஜெனரேட்டர் இருமி எழப் பதினொரு நிமிடம்.
அதுவரை இரண்டுமே பொய்ப்பெட்டி.
ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு
உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.
நோட்டில் எழுதினேன்: 34.6. இந்த ஓட்டம் செல்லாது.
அடுத்த வாரம் மீண்டும் பன்னிரண்டு மில்லி.

நீலச் சாயத்தை உள்ளே விட்டது செத்தது.
விடாமல் மினுங்குவது உயிர்.
உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெற்றி அழுந்த எண்ணுகையில்
ஏதாவது ஒரு பெட்டி நீலமாக வேண்டுமென்று
நினைத்தேன். ஆம், நினைத்தேன்.
லோகினிக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

ஏப்ரலில் உறைகளைப் பிரித்தோம்.
பதினான்கு ஓட்டம். இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்த இடைவெளி
என் எண்ணும் பிழையைவிடச் சிறிது.
'பாதிப்பு இல்லை' என்று எழுதினேன்.
ஸிண்டிஸ்வா 'இல்லை'யை அடித்துவிட்டு
மேலே 'காணவில்லை' என்று போட்டாள்.
போட்டுவிட்டு டீ ஊற்றப் போனாள்.

மாலையில் லோகினி கேட்டருகே நின்றிருந்தாள்.
'காணவில்லை' என்றால்
தொலைந்த பிள்ளைக்கு ஒட்டும் சுவரொட்டிபோல் இருக்காதா?
வாயைத் திறந்தேன்.
அவள் போன் அடித்தது, நான்கு கோடும் நிறைந்த சிக்னல்.
ஆஸ்பத்திரி.
ஸ்கேன் செவ்வாய்க்கு மாறிவிட்டதாம்,
காலை ஆறரைக்கே வரச் சொல்கிறார்கள்.
"உன் காரில கொண்டுவிடுவியா?" என்றாள்.