விலைச்சீட்டு

வாளின் முதுகில் ஐந்து இலக்கம்.
கடைசியில் இருப்பது ஒன்றா ஏழா என்று
பூதக்கண்ணாடியோடு கொஞ்ச நேரம் இழுபறி.
ஏழு என்றால், கம்பெனிப் பேரேடு சொல்கிறது:
விற்றது 1911, மார்ச்.
வாங்கியவர் ஆம்ப்ரோஸ் ஹெப்டன்ஸ்டால், செகண்ட் லெப்டினன்ட்.
அலகு வழக்கத்தைவிட ஓர் அங்குலம் நீளம்;
நெட்டை ஆளாக இருக்க வேண்டும்.
பணம் மூன்று தவணை.
மூன்றாவதற்கு நேரே கட்டம் காலி.

ஹாலிஃபாக்ஸில் மழை. கடையில் ஈ காக்கை இல்லை.
சுறாத்தோல் சுற்றிய பிடியை
மேசை விளக்கின் கீழ் உருட்டுகிறேன்.
தேய்மானம் தப்பான பக்கத்தில் இருக்கிறது.
கட்டைவிரல் அழுந்தி அழுந்தி வழுவழுத்த குழி
என் வலக்கைக்கு ஒத்துவரவில்லை.
மாற்றிப் பிடித்தேன், கச்சிதம்.
நொட்டாங்கைக்காரன்!

படையில் அதற்கு இடமில்லை.
அணிவகுப்பில் எல்லா வாளும் வலக்கையில்தான் எழும்,
எல்லா மூக்குக்கும் நேரே, ஒரே நொடியில்.
ஆக, இந்தக் குழி
யாரும் கட்டளையிடாத பொழுதுகளில் விழுந்தது.

போருக்குக் கப்பலேறும் முன்
மற்றவர்கள் சாணைக்குக் கொடுத்தார்களாம்.
இது சாணையைக் கண்டதே இல்லை.
வெண்ணெய் வெட்டலாம்,
அதுவும் கோடையில்.

முனையில் மட்டும் நாலு விரற்கடைக்குக் கறுப்பு.
போன வாரம் கிளெக் வந்து
மோந்து பார்க்காத குறையாகக் குனிந்தார்.
"ரத்தம். சீட்டில் எழுதிப் போடு. இரண்டு மடங்கு போகும்."

வாளுக்கு உறை இல்லை, தொலைந்துவிட்டது.
கூடவே பெட்டியில் வந்த கடிதத்துக்கு உறை இருந்தது,
பிரான்ஸ் வரை போய்த் திரும்பியது,
ஒட்டியது ஒட்டியபடி.
சமையல் கத்தியால் நான்தான் கிழித்தேன்.
தங்கை ஹெஸ்டரின் கையெழுத்து:
"உன் வாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.
உனக்கு எட்டுவது எனக்கு எட்டவில்லை.
மேல்கிளைப் பேரிக்காய் எல்லாம் குளவிக்குத்தான்.
உன் கறையைத் துடைக்கப் பார்த்தேன், போகவில்லை.
அம்மாவிடம் துரு என்று சொல்லியிருக்கிறேன்."

சீட்டில் எழுதினேன்:
காலாட்படை அதிகாரியின் வாள். உறை இல்லை.
கூர் தீட்டப்படாதது.
முனையில் கறை
இங்கே பேனா நின்றது.
பேரிக்காய்ச் சாறு என்றால் கிளெக் சிரிப்பார்,
வாங்குகிறவன் பேரம் பேசுவான்.
எழுதிவிட்டேன்.

கடை பூட்டும் முன்
இடக்கையால் ஒருமுறை உயர்த்திப் பார்த்தேன்.
கூரையிலிருந்து தொங்கும் பல்பு
ஓர் அங்குலத்தில் தப்பியது.