ரப்பர் விரலுறை

வங்கியில் காசாளர் என்பதால்தான் கூப்பிட்டார்கள்.
நோட்டு எண்ணும் விரல் சீட்டு எண்ணாதா என்றார்
தேர்தல் அதிகாரி ஹவெல்ஸ்.
பெருவிரலுக்கு ஊதா நிறத்தில் ரப்பர் உறை,
பூப்பந்துக் கூடத்தில் நீள மேஜை,
ஆறிப்போன தேநீர்.

ப்ரோ ஹெலிக் எங்கள் தொகுதி.
வில்லோ மரத்து மண் என்று பொருள்.
ஆற்றோரம் இன்னும் பதினாறு மரங்கள் நிற்கின்றன,
நான் எண்ணியிருக்கிறேன்.
வாக்காளரைவிட ஐந்து மடங்கு ஆடுகள்.
அவை ஒரே வாசலில் முண்டியடித்து நுழையும்.
நாங்கள் அப்படியில்லை என்று சொல்ல ஆசைதான்.
நாற்பத்தொரு வருடம் மஞ்சளுக்கே போட்டோம்,
அதில் பதினொன்று
காது கேளாத ஒருவருக்கு.

குவாரி மூடியபோது சிவப்பு வந்தது.
நீலத்துக்கு ஒரே ஒருமுறை வாய்த்தது,
பனி கொட்டிய பிப்ரவரியில்,
மலைக்காரர்கள் கீழே இறங்க முடியாத வியாழக்கிழமை.
பச்சைக்கு நான்கு முறை டெபாசிட் காலி.
ஐந்தாம் முறை திரும்பி வந்த பணத்தை
என் கவுண்டரிலேயே கட்டினார்கள்.
கூடவே ஒரு துண்டு கேக்.

மாவட்ட அலுவலகப் பரணில்
பழைய வாக்குப் புத்தகம் ஒன்று கிடந்தது.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு.
அப்போது மறைப்பு கிடையாது.
மேடையேறி, பேரைச் சொல்லி,
யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,
கீழே பண்ணையாரின் ஏஜென்ட்
தொப்பியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.
ஏசாயா ப்ராபர்ட், கார்த் பண்ணை, குத்தகை.
பேருக்கு எதிரே ஒரு பென்சில் கோடு.
அடுத்த இலையுதிர் காலத்தில்
கட்டிலும் கடிகாரமும் நிறைமாத மனைவியும்
ஒரே வண்டியில் ஏறினார்கள்.
கார்த்தில் இன்று வேலி இருக்கிறது, வீடு இல்லை.
நூறு சீட்டுக்கு ஒருமுறை நானும்
அதே மாதிரிதான் கோடு போடுகிறேன்.
மேலிருந்து கீழே, சற்றே சாய்ந்து.

கார்டிஃபில் எங்களுக்கென்று மன்றம் வந்த வருடம்
மூன்று தரம் எண்ணினோம்.
மணி நாலரை.
மென்னா ப்ரதரோ ஒரே ஒரு வாக்கில் முன்னே.
சந்தேகக் கட்டில் கடைசியாக ஒரு சீட்டு:
மென்னாவின் கட்டத்தில் பெருக்கல் குறி இல்லை.
ஓர் ஆடு.
சிரிக்கிற ஆடு.

கேலி என்றார் ஓர் ஏஜென்ட்.
சிரிப்பென்றால் சம்மதம் என்றார் இன்னொருவர்.
இரண்டு வக்கீல்கள் ஓர் ஆட்டின் முகத்தை
விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஹவெல்ஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மாட்டாமலே சொன்னார்:
எண்ணம் தெளிவு. செல்லும்.
ஒன்று இரண்டானது.

நான் பேசவில்லை.
அந்த ஆட்டை எனக்குத் தெரியும்.
வலது காது மடிந்திருக்கும், கால் மூன்றுதான் இருக்கும்.
மாதம் ஒருமுறை கம்பளிப் பணம் கட்ட வரும்
இட்வால் ஜார்மன்,
வரிசை நகராதபோது பணம் கட்டும் சீட்டின் ஓரத்தில்
கிறுக்குகிற ஆடு.
நீல அட்டையை வேனில் ஒட்டித் திரிகிறவர்.
அப்பன் நீலம், மாமனார் நீலம்,
மாற்றிப் போட்டால் கை அழுகட்டும் என்று
மதுக்கடையில் மேஜையைத் தட்டியவர்.

அடுத்த மாதமும் வந்தார்.
நாலு தோல்பைக்கான சில்லறையைக் கொட்டினார்.
மென்னா என்ன கிழிக்கப் போகிறாளாம் என்றார்.
பார்க்கலாம் என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

கிளையை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே நாய் அழகு நிலையம்.
தொகுதியும் வரைபடத்தில் இல்லை.
பக்கத்து இரண்டோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்,
புதுப்பெயர் தபால் உறையில் ஒரு வரிக்குள் அடங்காது.
எண்ணிக்கை ஐம்பது மைல் தள்ளி.
என்னை யாரும் கூப்பிடவில்லை.

மார்ச்சில் இட்வால் போனார்.
சேப்பலில் மூத்த மகன் எழுந்து,
எலும்பு வரைக்கும் நீலம் எங்கள் அப்பா என்றான்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன்.
பிறகு கூடத்தில் வெண்ணெய் தடவிய
திராட்சை ரொட்டி கொடுத்தார்கள்.
இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.
வாய் நிறைய இருந்தால் யாரும்
எதையும் கேட்பதில்லை.