மிஞ்சிய ஒன்று

ஊலு நகரத்து எல்லையில்
பனி வாரும் வண்டிகள் திரும்புகிற இடத்தில் இருக்கிறது கடை.
இறைச்சி உருண்டை வாசம் தாண்டி,
மெழுகுவத்தி அடுக்குகள் தாண்டி,
யாரும் விரும்பி வராத மூலையில் என் கவுண்டர்.
உதிரிகள். இலவசம். ரசீது கேட்பதில்லை.

என் முதுகுக்குப் பின்னால் நானூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள்.
ஆறிலக்க எண்ணைச் சொன்னால் போதும்,
திரும்பாமலே எடுப்பேன்:
மரமுளை, அறுகோணக் குழி போல்ட்,
தட்டைத் தாங்கும் சின்னஞ்சிறு நிக்கல் விரல்,
அரைச் சுற்றில் கவ்விக்கொள்ளும் கேம் லாக்.
முழுச் சுற்றுக்கு ஆசைப்பட்டால் விட்டுவிடும்.

கட்டில் போல்ட் நான்கு கேட்பவர்கள்
வீடு மாறுகிறவர்கள்.
எட்டு கேட்டால் ஒரு வீடு இரண்டாகிறது.
அப்போது மட்டும்
பையின் வாயை மெதுவாக ஒட்டுவேன்.

போன வாரம் ஒரு மாணவி.
"சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது,
வேறு ஸ்க்ரூ கொடுங்கள்" என்றாள்.
ஸ்க்ரூவில் குற்றமில்லை, பெண்ணே,
தேய்ந்தது துளை.
பசுமரமா அது, ஆணியை நினைவில் வைக்க?
மரத்தூளைப் பசையில் குழைத்து அமுக்கிய பலகை.
நானூற்றுப் பன்னிரண்டில் எதைத் திறந்தாலும்
துளைக்கு உதிரி இல்லை.
இரண்டு தீக்குச்சிகளைத் தலை கிள்ளிக் கொடுத்தேன்.
பசை தடவிச் செருகு, காயட்டும், பிறகு திருகு.
(மேலாளரிடம் சொல்லிவிடாதே.)

இன்று, மூன்று மணிக்கே இருட்டிவிட்ட பிறகு,
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்தார்.
ரைமோ பெல்க்கோனன்.
எண் சீட்டு எடுத்து, நாற்காலி காலியாக இருந்தும்
நின்றுகொண்டே இருந்தார்.
முறை வந்ததும் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை விரித்தார்.
ஒரு ஸ்க்ரூ.

"என்ன வேண்டும்?"
"ஒன்றும் வேண்டாம். இதைத் திருப்பித் தர வந்தேன்."

இந்தக் கவுண்டருக்குக் கொடுக்கத்தான் தெரியும்.
வாங்கிக்கொள்ளக் கணினியில் பொத்தான் இல்லை.

மூன்று வருடம் முன்பு மாட்டிய துணி அலமாரி.
எல்லாம் முடித்து, அட்டைப்பெட்டியை மடக்கி,
காபி குடிக்க உட்காரும்போது
தரைவிரிப்பில் இது கிடந்ததாம்.
அலமாரி நிற்கிறது. கதவு மூடுகிறது.
மனைவி உல்பு குளிர்கோட்டுகளைத் தொங்கவிட்டுப்
படார் என்று சாத்துகிறாள்,
நன்றாகத் தூங்குகிறாள்.
"எனக்குத்தான்," என்றார்,
"ராத்திரியில் அது யோசிப்பது கேட்கிறது."
மரை கழன்றது அலமாரிக்கு இல்லை, உனக்கு
என்பாளாம்.

வரைபடத்தைத் திறந்தேன்.
எழுத்தே இல்லாத புத்தகம், எல்லா நாட்டுக்கும் ஒன்று.
மூக்கில்லாத மனிதன் சுத்தியலோடு சிரிக்கிறான்.
ஒன்றாம் பக்கத்திலிருந்து
ஒவ்வொரு ஸ்க்ரூவாக எண்ணி வந்தோம், அவரும் நானும்.
பின்னால் வரிசை இருமியது.
பன்னிரண்டாம் பக்கம் சரி. இருபத்தாறு சரி.
கடைசிப் பக்கம்,
யாரும் புரட்டாத பக்கம்,
அதற்குள் அலமாரி எழுந்து நின்றுவிட்டிருக்கும்,
காபி ஆறிக்கொண்டிருக்கும்.
அங்கே இருந்தது:
அலமாரியின் தலையைச் சுவரோடு கட்டுகிற
ஒற்றை ஸ்க்ரூ.

பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.
ஜனவரியில், அந்த இருட்டில்,
அவர் முகம் விடிந்தது.

"இதை எழுதித் தர முடியுமா?
உல்புவிடம் காட்ட வேண்டும்."

எழுதினேன். முத்திரை வேண்டும் என்றார்.
என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று: 'வழங்கப்பட்டது'.
ஓங்கிக் குத்தினேன்.
கான்கிரீட் சுவர் என்றால்
பிளாஸ்டிக் முளை தனியாக வாங்க வேண்டும் என்று
இரண்டு முறை சொன்னேன்.
காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.
ஸ்க்ரூவை ஒரு கையிலும்
காகிதத்தை அதைவிடப் பத்திரமாக மறு கையிலும் பிடித்துக்கொண்டு
தானியங்கிக் கதவைத் தாண்டிப் பனிக்குள் போனார்.

ஏழு மணிக்கு வீடு வந்தேன்.
பூட்ஸைக் கழற்றவில்லை.
என் புத்தக அலமாரியின் உச்சியில் ஒரு விரலை வைத்து
லேசாகத் தள்ளினேன்.

இங்கே எத்தனை வருடமாக வேலை என்று
கேட்காதீர்கள்.