முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம்

பிரேமனில் இறங்கிய வியாழக்கிழமை
மழை பக்கவாட்டில் பெய்தது.
மருந்தடிக்காத சாப்பாடு எங்கே கிடைக்கும்
என்று விடுதிப் பெண்ணிடம் கேட்டேன்.
வரைபடத்தில் ஆறு வட்டம் போட்டாள்,
ஏழாவதைப் போட்டுவிட்டு அடித்தாள்.
"அங்கே விலையைப் பார்த்தாலே பசி போய்விடும்."

கப்பல் கம்பெனிக்குக் கணக்குச் சரிபார்க்க வந்தவன் நான்.
நாலு நாள். படி, நாளுக்கு நாற்பது யூரோ.
எனக்குச் சர்க்கரை இல்லை, கொள்கையும் இல்லை.
போன வருஷம் வயிற்றிலிருந்து ஒன்றை வெட்டியெடுத்த டாக்டர்
"பார்த்துச் சாப்பிடுங்கள்" என்றார்.
அன்றிலிருந்து பார்க்கிறேன்.

பொட்டலமே இல்லாத கடை.
சுவர் நெடுகக் கண்ணாடிக் குழாய்களில்
பயறு, ஓட்ஸ், சூரியகாந்தி விதை.
கைப்பிடியை இழுத்தால் கொட்டும்.
கடைக்காரி ஃப்ராவ்கெ கேட்டாள்:
பாத்திரம் கொண்டுவந்தீர்களா?

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று படித்தவன்
பாத்திரமே இல்லாமல் நின்றேன்.
கடனட்டை இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது.
ஓட்ஸை எதில் வாங்குவது?

யார் யாரோ விட்டுப்போன ஜாடிகள் அலமாரியில்.
ஒன்றை எடுத்துத் தந்தாள். முன்பணம் இரண்டு யூரோ.
பழைய சீட்டு முழுதாக உரியவில்லை:
பிளம், செப்டம்பர்,
அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில்
யாருடைய பெயரோ, பாதி.
தராசில் முதலில் காலி ஜாடியை வைத்தாள்.
மெழுகுப் பென்சிலால் மூடியில் எழுதினாள், 312.
"இதற்கு நீங்கள் காசு தர வேண்டாம்."
இருபத்தாறு வருஷக் கணக்கு வேலையில்
ஒன்றுமில்லாததை முதலில் நிறுத்து
அதைக் கழித்துவிட்டு ஆரம்பித்த ஒருவரை
அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை, சந்தை.
அடுத்தடுத்து இரண்டு ஆப்பிள் கடை.
இடது கடையில் பச்சை முத்திரை, நியூசிலாந்துப் பழம்.
அதன் கப்பல் கூலி எனக்குத் தெரியும்,
அந்த மாதிரிப் பத்தியை முந்தின நாள்தான் கூட்டினேன்.
வலது கடை டீட்மாருடையது.
எல்பே ஆற்றங்கரைத் தோட்டம், வண்டியில் இரண்டு மணி நேரம்,
முத்திரை கிடையாது.
மருந்தடிப்பீர்களா?
"அடிப்பேன்."
எத்தனை தடவை?
அவர் வானத்தைப் பார்த்தார்.
"அதை மழையிடம் கேட்க வேண்டும்."

இரண்டிலும் மூன்று மூன்று வாங்கினேன்.
அறையில் ஸ்டிக்கரை உரித்துக் கலந்து வைத்துத் தின்றேன்.
வயிறு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கும் என்று
யாரும் சொல்லவில்லை எனக்கு,
அல்லது ஜெர்மனில் சொல்லியிருப்பார்கள்.
கையில் ஜாடி. கடைக் கதவில் என் முகம்.

ரயில் நிலையத்தில் குப்பைத்தொட்டிக்கு வெளியே
வரிசையாக நின்றன காலி பாட்டில்கள்,
பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.
இஸ்திரி போட்ட கால்சட்டையில் ஒருவர்
உருளைப் பையோடு வந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.
கேட்டதற்குச் சொன்னார்:
நான் உள்ளே கைவிட்டுத் துழாவக் கூடாதாம்,
அதற்காக வெளியே வைக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.
நல்ல என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், இருபத்தைந்து சென்ட்.
தயிர்க் கண்ணாடி, பதினைந்து.
அப்புறம் ஜாடியை நீட்டினேன்.
திருப்பிப் பார்த்தார். பிளம் என்று படித்தார்.
"இதை எந்த மெஷினும் வாங்காது."
திருப்பித் தந்துவிட்டு,
ஆறுதல் சொல்கிறவர் மாதிரி,
"மூடி நன்றாக இருக்கிறது" என்றார்.

விமான நிலையத்தில் அதிகாரி
ஜாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
உள்ளே என்ன?
திறந்து காட்டினேன்.
அடியில் ஒட்டியிருந்த ஒரு ஓட்ஸ் செதிள்
அவருடைய சாம்பல்நிறத் தட்டில் உதிர்ந்தது.
கையுறை விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
போகச் சொன்னார்.

இருக்கையில் உட்கார்ந்து பயணக் கணக்கு எழுதினேன்.
முன்பணம், இரண்டு யூரோ, திரும்பி வரவில்லை.
எதிர்ப்பக்கத்தில்:
ஜாடி ஒன்று, திரும்பிப் போகவில்லை.
கூட்டினால் சரியாகத்தான் வருகிறது.
ஆனாலும் பக்கத்தை மூடவில்லை.
மடியில் முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம்,
பிளம் போட்டவருடைய பாதிப் பெயரோடு.