சத்தியக் கடதாசி

கொம்பனித் தெருவில் மழை பிடித்த பின்னேரம்
போட்டோக் கொப்பிக் கடைக் கதவைத் தோளால் தள்ளி
ஒயெதோகுன் உள்ளே வந்தான்,
உதைபந்துச் சப்பாத்து கழுத்தில் தொங்க,
குனிந்து. எங்கள் நிலைகள் அவனுக்குப் போதா.

ஊரில் வழக்காம். தலைமைப் பட்டத்துக்கு
அண்ணன் நிற்கிறானாம்.
ஆதித் தகப்பன் எங்கிருந்து வந்தான் என்று
பிள்ளைகள் எல்லாரும் சத்தியம் பண்ண வேண்டுமாம்,
கடல் தாண்டிப் பந்து உதைக்கிறவனும்.

அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
ஓயோ அரண்மனையில் பிறந்தவன்;
தம்பியோடு பிணக்குப்பட்டு
இரண்டு வேட்டை நாயும் ஒரு ஈட்டியுமாய்
தெற்கே இறங்கி
ஆற்றங்கரையில் முதல் கிழங்கு நட்டவன்.
(என் மனத்தில் இராசவள்ளி முளைத்தது.)
இளவரசன் என்ற சொல்லுக்கு மட்டும்
பிழை வராமல் அவனே எழுத்துக் கூட்டினான்.

அப்போது அத்தையின் குரல்பதிவு வந்தது,
பதினொரு நிமிஷம்.
நடுவில் கிழவி பாடினாள்.
ஓரிக்கி என்றான், எங்கள் குலத்தைப் புகழ்வது.
பிறகு ஒவ்வொரு வரியாய்,
தானே முதல் தடவை கேட்பவன்போல்:

*உப்புக்கும் இரண்டு முழத் துணிக்கும் வந்தவனே
உன் கன்னத்து நாலு கோட்டை
வாசிக்க ஆளில்லாத ஊரில் சிரித்தவனே
வாங்கியவன் வாசலுக்கே பெயராய்ப் போனவனே*

'உப்பு வியாபாரி என்றல்லவா
இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.'

வெளியே பஸ் நடத்துநர் இடத்தின் பெயரைக் கூவினான்.
தமிழில் இது கொம்பனி.
ஆங்கிலத்தில் அடிமைத் தீவு.
தபால் முத்திரையில் அவன் வாசித்திருப்பான்.
நான் வாய் திறக்கவில்லை.

என் பூட்டனும் கங்காணியாய் வந்தவர்தான், கேட்டால்.
மாமி வீட்டிலும் கங்காணி.
மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கிய
எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு கங்காணி.
பிறகு கொழுந்து கிள்ளியது யார்?
குடியுரிமைக்காக அப்பா தோண்டி எடுத்தது
ஒரு தகரத் துண்டு.
அதில் இலக்கம் இருந்தது. பெயர் இல்லை.

'இளவரசனை எடுத்துவிடவா?'
'எடுத்தால் அண்ணன் தோற்பான்.'
மழை விட்டும் அவன் எழும்பவில்லை.
கதிரை மட்டும் இரண்டு தடவை முனகியது.

கடைசியில் சொன்னான்:
வந்தவன் என்று மட்டும் போடு.
எங்கிருந்து என்ற இடத்தில்
நாலு கோடு இழுத்து விடு.

அச்சுப்பொறி அந்த நாலையும்
கொஞ்சம் அழுத்தித்தான் பதித்தது.
இரண்டு பிரதி, எண்பது ரூபா.
கையெழுத்து வைக்காமல் மடித்து
சப்பாத்துக்குள் செருகிக்கொண்டு
பயிற்சிக்குப் போனான்.

முதலில் அடித்த தாள் தட்டிலேயே கிடந்தது,
அரண்மனை, ஈட்டி, நாய்களோடு.
அதன் முதுகில்
இன்றைய கடைக் கணக்கை எழுதினேன்.
பதினைந்து ரூபா இடிக்கிறது.